பழைய ரயில் பெட்டிகளும் பருவகாலத் தொண்டர்களும்

மதுரைச் சந்திப்பிலிருந்து திண்டுக்கல் நோக்கிப் புறப்படும் இருப்புப்பாதை, கூடல்நகரைக் கடந்து, சமயநல்லூரைத் தொட்டு, வைகையின் வடகரை வயல்களையும் சோழவந்தானின் வெற்றிலைக் கொடிக்கால்களையும் ஒட்டியபடியே வாடிப்பட்டிக்கும் கொடைக்கானல் ரோட்டுக்கும் செல்கிறது. தென்னிந்திய ரயில்வே நிறுவனத்தார் 1875ஆம் ஆண்டில் இதனை மீட்டர் கேஜ் அளவில் அமைத்தார்கள். அன்றுமுதல் நூறாண்டுகளுக்கும் மேலாக இவ்வழியே சென்ற வண்டிகளெல்லாம் ஒரு மீட்டர் அகலத் தண்டவாளத்தின்மீதே சென்றன. 1977 ஆகஸ்டு 15ஆம் நாள் மதுரைக்கும் சென்னை எழும்பூருக்கும் இடையே ஓடத் தொடங்கி, அக்காலத்தவர் வியக்கும்படி ஏறத்தாழ ஏழு மணி நேரத்தில் பட்டணம் சேர்ந்த வைகை எக்ஸ்பிரஸும் அந்தக் குறுகிய பாதையில் பிறந்த வண்டிதான்.

1992இல் நாடெங்கும் ஒரே அகலம் என்னும் திட்டத்தை ரயில்வே நிர்வாகம் மேற்கொண்ட பிறகு, மீட்டர் கேஜ் பாதைகள் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்தன. மதுரையிலிருந்து இராமேசுவரம் செல்லும் பாதை 2007இல் அகலமாயிற்று. போடிநாயக்கனூர்ப் பாதையில் 2010ஆம் ஆண்டின் முடிவோடு பழைய வண்டி நின்றது. அகலப்பாதை வண்டி 2022இல் தேனிக்கும் 2023இல் போடிக்கும் வந்து சேர்ந்தது. பிரயாணிகளுக்கு இதனால் விளைந்த அனுகூலம் பெரிது. அதில் எவருக்கும் ஆட்சேபம் இருக்க நியாயமில்லை. ஆயினும் அத்தனை தலைமுறைகளைச் சுமந்த பெட்டிகள் என்னவாயின என்று யோசிக்கும்போதுதான் மனம் கனக்கிறது. நீராவி எஞ்சின்களுக்காவது கொஞ்சம் பாக்கியம் உண்டு. ரயில் நிலையத்து முகப்பிலோ பூங்காவிலோ சிமெண்டு மேடை கட்டி, வர்ணம் பூசி நிறுத்திவிடுகிறார்கள். பெட்டியை அப்படி நிறுத்துவோர் அரியர். நிறுத்தினாலும் அது நிலைப்பதில்லை. ஏனெனில் எஞ்சின் இரும்பு, பழைய பெட்டியோ பெரும்பாலும் மரம். கூரையில்லாத வெளியில் நிற்கும் மரப்பெட்டியை வெயில் பிளக்கிறது, மழை ஊறவைக்கிறது, கறையான் அடியிலிருந்து ஏறுகிறது. எஞ்சின் நூறாண்டு தாங்கும் இடத்தில் பெட்டி பத்தாண்டு தாங்காது. பெட்டியைக் காக்க வேண்டுமானால் ஆண்டுதோறும் அதன்மேல் மனிதர் கை படவேண்டும். ஆண்டுதோறும் கை படவேண்டுமானால் அது ஓடவேண்டும். இவ்வுண்மையை உணர்ந்து, சம்பளம் இல்லாமல், தம் ஓய்வு நாள்களைக் கொடுத்து இந்தக் காரியத்தைச் செய்துவரும் சாமானிய மனிதர்களைப் பற்றியே இங்கே எழுத விரும்புகிறேன்.

இந்தத் தொண்டு உருவெடுத்த இடம் வேல்ஸ் நாட்டின் மேற்குக் கரையிலுள்ள டைவின் என்னும் சிற்றூர். அங்கிருந்து மலைப் பள்ளத்தாக்கினுள்ளே செல்லும் டாலிலின் ரயில்வே, கற்பலகைச் சுரங்கத்திலிருந்து பலகைக்கல்லை இறக்குவதற்காக 1860களில் இரண்டேகால் அடி அகலத்தில் போடப்பட்டது. உடன் பிரயாணிகளையும் ஏற்றிச்சென்றது. சுரங்கம் மூடப்பட்ட பின்னரும், அதன் உடைமையாளரான சர் ஹென்றி ஹேடன் ஜோன்ஸ் தாம் உயிரோடு இருக்கும்வரை வண்டியை நிறுத்துவதில்லை என்று கைந்நஷ்டம் பாராது ஓட்டிவந்தார். 1950 ஜூலையில் அவர் காலமானார். அந்த ஆண்டு அக்டோபரில், எல்.டி.சி. ரோல்ட் என்ற எழுத்தாளரும் அவருடைய நண்பர்களும் பர்மிங்காம் நகரில் ஒரு பொதுக்கூட்டம் கூட்டி, இந்தப் பாதையைத் தொண்டர்களே எடுத்து நடத்துவது என்று முடிவுசெய்தார்கள். 1951 மே 14ஆம் நாள் அவர்களுடைய முதல் வண்டி ஓடிற்று. உலகத்தில் தன்னார்வத் தொண்டர்கள் ஏற்று நடத்திய முதல் ரயில்வே இதுவே.

அவர்கள் கைக்கு வந்தபோது அந்தப் பாதை இருந்த நிலையை அறிந்தால்தான் அவர்களுடைய துணிவு விளங்கும். குறுக்குக் கட்டைகள் உளுத்துப்போய், தண்டவாளத்தை அதன் இடத்தில் பிடித்துவைத்திருந்தது பெரும்பாலும் புல்லின் வேர்தான். இரண்டு எஞ்சின்களில் ஓடக்கூடியதாக இருந்தது ஒன்றே. பெட்டிகள் நான்கு, அவற்றோடு கார்டு வண்டி ஒன்று. அவையெல்லாம் பாதை தொடங்கிய காலத்தில் செய்யப்பட்டவை. அந்தப் பெட்டிகளில் ஒரு விசித்திரம் உண்டு. பாதைக்கு மேலாகக் கட்டிய பாலங்களின் இடைவெளி போதவில்லை என்று அரசாங்கப் பரிசோதகர் 1866இல் கண்டுபிடித்ததால், தண்டவாளத்தை ஒருபுறமாக நகர்த்தி, பெட்டிகளின் மறுபுறத்துக் கதவுகளை நிரந்தரமாக அடைத்துவிட்டார்கள். ஆகவே இன்றுவரை ஒரு பக்கமாகத்தான் ஏறி இறங்க வேண்டும். அன்று யாரோ அவசரத்தில் செய்த பிழை இன்று அந்தப் பாதையின் அடையாளமாகி, தொண்டர்கள் அதனைப் பக்தியோடு பேணுகிறார்கள். நான்கு பெட்டிகளும் ஒன்றரை நூற்றாண்டைக் கடந்து இன்னும் பிரயாணிகளோடு ஓடுகின்றன. நம் வீட்டுக் குழந்தைகள் தொலைக்காட்சியில் பார்க்கும் தாமஸ் எஞ்சினைக் கதையில் படைத்த பாதிரியார் ஆட்ரி, இங்கே தொடக்க காலத்தில் கார்டாகத் தொண்டு செய்தவர் என்பதையும் சொல்லவேண்டும்; பிற்பாடு இந்தப் பாதையையே மாதிரியாக வைத்துக் கதைகளும் எழுதினார்.

அமெரிக்காவிலும் ஏறக்குறைய அதே காலத்தில் இத்தகைய முயற்சி பிறந்தது. 1953இல் பத்துப் பேர் சேர்ந்து ஆளுக்கு நூறு டாலர் போட்டு, உடைப்பதற்கு இருந்த மின்சார ரயில் பெட்டி ஒன்றை விலைக்கு வாங்கினார்கள். இண்டியானா ரயில்ரோடு நிறுவனத்தின் 65ஆம் எண்ணுள்ள அந்தப் பெட்டி, 1931இல் செய்யப்பட்டது. அதை நிறுத்தி வைக்கவும் அவர்களுக்குச் சொந்த இடமில்லை. ஒரு வார்ப்படத் தொழிற்சாலையின் வளாகத்தில் நிறுத்தினார்கள். வேறு பெட்டிகளும் வந்து சேர்ந்து இடம் போதாமற்போகவே, 1964இல் சிகாகோவுக்கு வடமேற்கேயுள்ள யூனியன் என்ற கிராமத்துக்குச் சோளக் கொல்லைகளின் நடுவே குடிபெயர்ந்தார்கள். இன்றைய இல்லினாய் ரயில்வே மியூசியம் அதுதான். தாமே போட்ட பாதையில் தாமே பழுதுபார்த்த பெட்டிகளைத் தாமே ஓட்டுகிறார்கள். பெரும்பகுதி வேலை தொண்டர்களுடையது.

வேல்ஸிலும் சரி, இல்லினாயிலும் சரி, வண்டி ஓடும் பருவம் வசந்தத்தில் தொடங்கி இலையுதிர் காலத்தில் ஓய்கிறது. இடையிலுள்ள குளிர்காலத்தில் வெளியார் கண்ணுக்கு எல்லாம் உறங்குவதுபோல் தோன்றும். உண்மையில் அப்போதுதான் கொட்டகைகளில் வேலை மும்முரமாக இருக்கும். வேலை என்றால் என்ன வேலை என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ரயிலில் தினந்தோறும் போய்வரும் நமக்கே நம்மைச் சுமக்கும் பெட்டியின் அந்தரங்கம் அதிகம் தெரியாது.

மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த பெட்டியின் கதவைத் திறந்தவுடன் முதலில் பார்ப்பது எலியைத்தான். இருக்கையின் கீழ் திணித்த குதிரைமயிரும் பஞ்சும் எலிக்கு மெத்தை. மின்கம்பியின் மேலுறை அதற்கு ஆகாரம். கம்பி கடிபட்டிருக்கிறதா என்று பார்க்காமல் மின்சாரம் கொடுப்பது தீயை வரவழைப்பதாகும். அடுத்தபடியாகக் கூரை. மரப்பெட்டியின் கூரையென்பது பலகைமேல் முரட்டுக் கித்தானை இழுத்து விரித்து, ஆணியடித்து, அதன்மேல் கனமாக வர்ணம் ஏற்றியது. அந்த வர்ணத்தில் மயிரிழை விரிசல் கண்டாலும் நீர் உள்ளே இறங்கும். இறங்கிய நீர் விரிசலின் நேர்கீழே சொட்டுவதில்லை. பலகையிடுக்கில் ஓடி, தூணின் வழியே வழிந்து, எங்கேயோ தூரத்தில் கறையாக வெளிப்படும். அனுபவமுள்ள தச்சர் கறையைக் கண்டால் அதிலிருந்து பின்னோக்கித் தேடிக்கொண்டே போவார்.

பெட்டிக்கு உயிர்நிலையான இடம் ஜன்னலின் அடிப்பகுதி. பழைய ஜன்னலின் சட்டம் கீழ்நோக்கிச் சுவரினுள்ளே இறங்கும். அது இறங்குவதற்காகச் சுவரில் ஒரு வெற்றறை உண்டு. மழைநீரும் அதே வழியாக அந்த அறைக்குள் இறங்கி, வெளியேறும் துளை அடைபட்டிருந்தால் தேங்கி நிற்கும். வெளியே வர்ணம் பளபளவென்று இருக்க, உள்ளே கட்டை புட்டாக உதிரும். அதனால் உளியின் காம்பினால் வரிசையாகத் தட்டிக்கொண்டே போவார்கள்; நல்ல மரம் கணீரென்றும் கெட்ட மரம் பொத்தென்றும் சொல்லும். கெட்ட பகுதியை அறுத்தெடுத்து, அதே அளவில் புதிய கட்டையை இழைத்துப் பொருத்த வேண்டும். எவ்வளவை அறுப்பது, எவ்வளவை விடுவது என்பதில் தொண்டர்களுக்குள் தீராத விவாதம் உண்டு. பழைய மரத்தில் இயன்றமட்டும் ஒவ்வொரு விரற்கடையையும் காப்பாற்ற வேண்டும் என்பர் ஒரு சாரார். மனிதர் ஏறும் வண்டியாகையால் பலமே பிரதானம் என்பர் மற்றொரு சாரார். என் அபிப்பிராயத்தில் இரண்டாமவர் பக்கமே நியாயம் அதிகம். ஆனால் அறுத்ததைப் படமெடுத்து, அளவு குறித்து, புதுக்கட்டையில் தேதியிட்ட பிறகே மூடவேண்டும் என்று முன்னவர் வற்புறுத்துவதால்தான் பெட்டியின் சரித்திரம் நமக்கு மிஞ்சுகிறது.

வர்ணம் பூசுவது பார்ப்பதற்கு எளிய வேலை. செய்வதற்கு மகா பொறுமை வேண்டிய வேலை. அடிப்பூச்சு, அதன்மேல் மக்கு வைத்து உப்புத்தாளால் தேய்ப்பு, மறுபடி பூச்சு, மறுபடி தேய்ப்பு என்று பல கட்டங்கள் சென்றபின் வார்னிஷ் வரும். பழைய வர்ணங்களில் ஈயம் கலந்திருப்பதால் அதை உலரவைத்துத் தேய்த்தால் எழும் தூசி விஷம். தண்ணீரால் நனைத்தே தேய்ப்பார்கள், முகக்கவசம் இன்றித் தொடமாட்டார்கள். கடுங்குளிரில் வர்ணம் காயாது. ஆகையால் வெப்பமூட்டிய கொட்டகை இல்லாத சங்கங்கள் பூச்சு வேலையை வசந்தத்துக்கு ஒத்திவைத்து, குளிர்நாள்களில் பித்தளைக் கைப்பிடிகளைத் துலக்குவதும், தோல் வார்களைத் தைப்பதும், இருக்கைகளைப் பிரித்துக் கட்டுவதுமாகக் கழிக்கும்.

பெட்டியின் அடியில் நடக்கும் வேலை இவற்றையெல்லாம் விடப் பொறுப்பானது. பழைய பெட்டிகளில் அச்சின் முனை, உருளைகள் இல்லாமல், வெண்ணுலோகம் பூசிய தாங்கியினடியில் எண்ணெய்ப் படலத்தை மட்டும் நம்பிச் சுழல்கிறது. எண்ணெயை அச்சுக்கு ஊட்டுவது அச்சுப்பெட்டிக்குள் திணித்திருக்கும் கம்பளி நூல் அல்லது ஒரு திண்டு. அது வறண்டாலோ, அதனுள் நீர் புகுந்தாலோ, உலோகம் உருகிப் புகையத் தொடங்கும். ஆகவே ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் எல்லா அச்சுப்பெட்டிகளையும் திறந்து, பழைய எண்ணெயை வடித்து, திண்டைப் புதுப்பித்து மூடுகிறார்கள். முதல் சோதனை ஓட்டம் முடிந்ததும் ஒருவர் வண்டியோரமாக நடந்து ஒவ்வொரு அச்சுப்பெட்டியின்மீதும் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். கை பொறுக்கும் சூடு என்றால் சரி. சக்கரத்தின் விளிம்பு தேய்ந்த அளவைத் தகட்டு அளவுகோலால் பார்ப்பதும், சுத்தியலால் தட்டி விரிசல் உண்டா என்று காதால் கேட்பதும் இத்தோடு சேர்ந்தவை.

பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தை. நம் மீட்டர் கேஜ் வண்டிகளிலும் பிரிட்டிஷ் பெட்டிகளிலும் இருந்தது வேக்குவம் பிரேக். எஞ்சினிலிருந்து கடைசிப் பெட்டிவரை செல்லும் குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி வெளியேற்றினால் பிரேக் விடுபடும். காற்றை உள்ளே விட்டால் பிரேக் பிடிக்கும். பாதரசமானியில் சுமார் 21 அங்குலம் காட்டும்வரை உறிஞ்ச வேண்டும். வண்டி நடுவழியில் அறுந்து இரண்டானால் குழாயும் அறும், காற்று தானே புகும், இரண்டு துண்டுகளும் தாமாகவே நிற்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் மிகப் புத்திசாலித்தனமான கருவிகளுள் இதனை ஒன்றாகச் சொல்லலாம். இதில் எதிரி சிறு கசிவு. பெட்டிகளை இணைக்கும் ரப்பர் ஹோஸ் பைப் குளிரில் இறுகி வெடித்திருக்கும். கசிவு இருக்குமிடத்தைக் கண்டுபிடிக்க ஒருவர் குழாயோரமாகக் காதை வைத்துக்கொண்டு தவழ்ந்து போவார். எல்லாம் சரியென்று கையொப்பமிட்ட பின்னரே பெட்டிக்குப் பிரயாணியை ஏற்றும் உரிமை வருகிறது. ஓட்டுபவரும் கார்டும் தொண்டர்கள்தான் என்பதற்காக விதிகளில் சலுகை கிடையாது. விதிப்புத்தகத்தில் தேர்வெழுதித் தேறியவரே கொடி பிடிக்கலாம்.

இந்த வேலைக்கு வருவோர் யார்? கணக்கர், பள்ளி ஆசிரியர், மருத்துவர், ஓய்வுபெற்ற ஃபிட்டர், மாணவர் என்று எல்லோரும் உண்டு. தச்சு தெரியாதவர் தேய்க்கக் கற்றுக்கொள்கிறார். தேய்க்க இயலாதவர் இருக்கைத் துணி தைக்கிறார். தேநீர் போட்டுக் கொடுப்பவருக்கும் சங்கத்தில் அதே மரியாதை. முக்கியமான விஷயம், ஆயுள் முழுவதும் ஷெட்டில் வேலைபார்த்த ஒருவரின் கைவழி, எந்தப் பாடப்புத்தகத்திலும் ஏறாதது, பதினாறு வயதுப் பையனின் கைக்கு அங்கே மாறுகிறது. பிரிட்டனில் வைட் தீவு நீராவி ரயில்வேயின் தொண்டர்கள், சக்கரம் கழற்றப்பட்டுக் கடற்கரைக் குடிசைகளாகவும் பண்ணைக் கொட்டில்களாகவும் விற்கப்பட்டிருந்த பெட்டிகளின் உடல்களைத் தேடியெடுத்து, வேறு அடிச்சட்டத்தில் ஏற்றி, மீண்டும் ஓடவிட்டிருக்கிறார்கள். மனிதன் குடியிருந்ததனால், அதாவது கூரைமேல் இன்னொரு கூரை இருந்ததனால், தப்பிய பெட்டிகள் அவை.

நம் நாட்டில் இத்தகைய தொண்டர் மரபு அவ்வளவு வேரூன்றவில்லை என்றாலும், அதற்கு முன்னோடியான ஒருவரை மறக்கலாகாது. இந்தியாவில் ஒரு ரசாயன நிறுவனத்தில் உத்தியோகம் பார்த்த மைக்கேல் சாடோ என்ற ஆங்கிலேயர், நாடெங்கும் திரிந்து, ஷெட்டுகளிலும் முட்புதர்களிலும் கிடந்த பழைய எஞ்சின்களையும் பெட்டிகளையும் கண்டறிந்து குறிப்பெடுத்தார். புதுதில்லி சாணக்கியபுரியில் 1977 பிப்ரவரி முதல் நாள் திறக்கப்பட்ட தேசிய ரயில் மியூசியத்துக்கு அவர் ஊதியமற்ற ஆலோசகராக இருந்தார். பாட்டியாலா சமஸ்தானத்தில் 1907இல் அமைத்த ஒற்றைத் தண்டவாள ரயிலின் சிதைவுகளைக் கண்டெடுத்தவரும் அவரே. ஒரு சக்கர வரிசை தண்டவாளத்திலும், சாயாமல் தாங்கும் பெரிய சக்கரம் சாலையிலுமாக ஓடிய அந்த அபூர்வ வண்டியை அமிருதசரஸ் பணிமனை ஊழியர்கள் சீராக்கினார்கள். பெட்டியொன்றையும் பழைய அடிச்சட்டத்தின்மீது புதிதாகக் கட்டினார்கள். மியூசியத்தில் அது நீராவியோடு ஓடியும் காட்டியிருக்கிறது.

தமிழ்நாட்டுக் கைவேலைக்கும் இதில் பெருமை உண்டு. 1855இல் செய்யப்பட்ட ஃபேரி குயின் எஞ்சின், பல பத்தாண்டுகள் காட்சிப்பொருளாக நின்றபின், பெரம்பூர் லோகோ பணிமனையில் சீர்செய்யப்பட்டு 1997இல் மறுபடி நீராவி கக்கியது. அதன் உடன்பிறப்பான இ.ஐ.ஆர். 21 எஞ்சினும் பெரம்பூரிலேயே உயிர்பெற்று 2010 சுதந்திர தினத்தன்று சென்னையில் ஓடிற்று. நீலகிரி மலை ரயிலைச் சொல்லவே வேண்டியதில்லை: மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு 46 கிலோமீட்டர், 2005 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம், மீட்டர் கேஜ் இன்றும் உயிரோடிருக்கும் பாதை. அதற்குப் புதிய நீராவி எஞ்சினையே பொன்மலைப் பணிமனையார் செய்து கொடுத்திருக்கிறார்கள். இவையெல்லாம் ஊழியர்கள் கடமையாகவும் காதலோடும் செய்த காரியங்கள். பொதுமக்கள் அங்கே டிக்கெட் வாங்கி ஏறலாம். உப்புத்தாளைக் கையில் எடுத்துக்கொள்ள வழியில்லை. சென்னைப் பெரம்பூரில் 2002 முதலும் திருச்சியில் 2014 முதலும் இருக்கும் ரயில் காட்சியகங்களுக்குப் போகும் சிறுவர்கள் பெட்டியைச் சுற்றி ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுள் சிலருக்காவது, வாரம் ஒருநாள் வந்து இந்தக் கைப்பிடியைத் துலக்கு என்று சொல்ல ஒருவர் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

மதுரை 1956 முதல் ரயில்வே கோட்டத்தின் தலைமையிடம். சமயநல்லூர், கூடல்நகர், பரவை வட்டாரங்களில் ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர்கள் இல்லாத தெரு குறைவு. அவர்களுள் வேக்குவம் பிரேக்கைக் கையால் அறிந்த கடைசித் தலைமுறை முதுமையடைந்து வருகிறது; தொழிற்பயிற்சி நிலையங்களிலோ கை பழகக் காத்திருக்கும் பிள்ளைகள் நிறைய. மீட்டர் கேஜ் பெட்டி ஒன்று கிடைத்து, அரை மைல் தண்டவாளம் போட நிலமும் அமையுமானால், இவ்விரு தரப்பாரையும் ஒரே கூரையின்கீழ் சேர்க்கலாம். நமக்கு உறைபனிக் காலம் இல்லை. நம் பருவத்தை நாமே வகுத்துக்கொள்ள வேண்டும். விருந்தினர் வரும் மார்கழி, தை, மாசியில் வண்டி ஓடலாம். சித்திரை, வைகாசி வெயிலில் வர்ணம் கொப்புளிக்கும். அப்போது தச்சு வேலை நடக்கட்டும். ஆடிக் காற்று கிளப்பும் புழுதி ஈர வார்னிஷில் ஒட்டிக்கொள்ளும். ஆகையால் ஆடி முடியும்வரை அடிச்சட்டத்தையும் அச்சுப்பெட்டிகளையும் பார்த்துவிட்டு, ஆவணிக்குப் பின்னர், தரையில் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்கி, காலை வேளையில் பூச வேண்டும்.

பணம் திரட்டும் அன்பர்கள் முதல் ரூபாயைப் பெட்டியின் வர்ணத்துக்குச் செலவிடாமல் கொட்டகைக்குச் செலவிடுவார்களாக. கறையான் ஏறாத கருங்கல் அடித்தளம், மேற்கு வெயிலை மறைக்கும் சுவர், மேலே தகரக் கூரை. உள்ளே இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில், ஆள் நின்று வேலை பார்க்கும் ஆழத்தில் ஒரு குழி. ஐப்பசி மழைநீர் அந்தக் குழியில் தேங்காதபடி வடிகாலை முதலிலேயே வெட்டிவிட வேண்டும்.